சாவி எந்த வண்டியில் இருக்கிறது?

ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நோயாளியை ஏற்றுவது, இறக்குவது, ஆக்சிஜன், ஊசி இவற்றையெல்லாம் வகுப்பில் உங்களுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. நான் எழுத வந்தது வகுப்பில் அரைப் பக்கத்தில் முடித்துவிடும் ஒரு விஷயத்தைப் பற்றி. போலீஸ் காவலில் இருக்கும் ஆளை, கையில் விலங்கோடு ஏற்றிக்கொண்டு போவது. அந்தப் பயணத்தில் உங்கள் வண்டிக்குள் இன்னொரு அதிகாரமும் ஏறி உட்காருகிறது. படுத்திருப்பவர் உங்களுக்கு நோயாளி, அவர்களுக்குக் கைதி. யாருடைய பேச்சு எப்போது நடக்க வேண்டும் என்பதை ஓடும் வண்டியில், நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

எதை எழுதினாலும் நாள், கிழமை, நட்சத்திரம் முதற்கொண்டு குறித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். இதில் தேதியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தேதியைச் சொன்னால் காவல் நிலையம் தெரிந்துவிடும், காவல் நிலையம் தெரிந்தால் ஆட்கள் தெரிந்துவிடுவார்கள். சயான் ரயில் மேம்பாலத்தை மூடிய பிறகு வந்த மழைக்காலம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளை. அவ்வளவு போதும். போலீஸ்காரர்கள் பேசியது மராட்டியும் இந்தியும். நம் பேச்சுக்கு மாற்றித் தருகிறேன்.

செம்பூர் பக்கத்து ஒரு காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. “லாக்கப்பில் ஒருத்தன் வெறி பிடிச்ச மாதிரி இருக்கான், போதை கேஸ், வந்து தூக்கிட்டுப் போங்க.” நான் நர்ஸாக வண்டியில் இருந்தேன். ஓட்டியது துரை, தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்காரன்.

இந்த மாதிரி அழைப்பில் நான் நேரே உள்ளே போக மாட்டேன். முதலில் காவல் நிலைய வாசலைப் பார்ப்பேன். உள்ளே அனுமதிக்கப்படாமல் யாராவது ஒருவர் வெளியே நின்றுகொண்டிருப்பார். அம்மாவோ, மனைவியோ, கூட வேலை பார்ப்பவனோ. உள்ளே இருப்பவனைப் பற்றி உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

அன்று வாசலில் நின்றது ஒரு பெண். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றாள். காலடியில் இட்லி விற்கிற பெரிய அலுமினியச் சட்டி. வண்டியிலிருந்து நான் இறங்கியதும், துரை தமிழில் ஏதோ சொன்னதைக் கேட்டு ஓடி வந்தாள்.

“யக்கா, நீங்க நம்ம ஆளா? உள்ள எங்க வீட்டு ஆளு இருக்காவ. போலீஸ்காரன் போதைங்கான். அவிய வெத்தில கூடப் போட மாட்டாவ.”

“உன் பேரென்னம்மா?”

“இசக்கி. அவிய பேரு சுடலை. தாராவியில இருந்து காலையில சைக்கிள்ல இட்லி கொண்டாந்து இங்கன விப்பாவ. ஒரு கடை வாசல்ல விழுந்துட்டாவளாம். எந்திரிச்சு ஒண்ணும் புரியாம நின்னிருக்காவ. கடைக்காரன் கையப் பிடிச்சு இழுத்திருக்கான், இவிய தள்ளிவிட்டிருக்காவ, கண்ணாடி ஒடஞ்சிட்டு.”

“விழுந்தாரா? முன்னால இப்படி விழுந்திருக்காரா?”

“கல்யாணத்துக்கு முந்தியே வலிப்பு உண்டு யக்கா. மாத்திரை சாப்பிடுவாவ. நாலஞ்சு நாளா மாத்திரை வாங்கல. எல்லாம் வெள்ளத்துல அலைஞ்சோம்லா.” பிறகு சட்டியைக் காலால் தள்ளிக் காட்டினாள். “மிச்சம் இருந்த இட்லி பூராத்தையும் உள்ள இருக்கவனுவ தின்னுட்டானுவ. சட்டினியையும் விடல. ஆளு மட்டும் ரவுடியாம்.”

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் தேவையானது கிடைத்துவிட்டது. வலிப்பு வந்து போனபின் சிலர் கொஞ்ச நேரம் இந்த உலகத்திலேயே இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் யாராவது அவர்களைப் பிடித்து இழுத்தால், பிடித்தது யார் என்று தெரியாமலே உதறுவார்கள், அடிப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது குடியாகவோ போதையாகவோ திமிராகவோ தெரியும்.

உள்ளே சுடலை தரையில் குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் விலங்கில். முதுகில் முழங்காலை ஊன்றியபடி ஓர் இளம் கான்ஸ்டபிள். பெயர் விகாஸ் என்று பிறகு தெரிந்தது. சட்டைப் பொத்தான் அறுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாற்காலியில் ஹவில்தார், நம்மூர் ஏட்டு மாதிரி. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஆள், நல்ல தொந்தி, நிதானமான குரல்.

“வாங்க சிஸ்டர். எல்லாம் நாடகம். ஏற்கெனவே எங்க ஆள் ஒருத்தன் மூக்குக் கண்ணாடியை உடைச்சாச்சு. இன்னொரு தடவை போலீஸ் மேல கை வெச்சான்னா அந்த செக்ஷனையும் போடச் சொல்லிட்டார் இன்ஸ்பெக்டர் சாகேப். அப்புறம் ஜாமீனை மறந்துட வேண்டியதுதான்.”

சுடலைக்கு முன்னால் என்ன இருந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கடைக் கண்ணாடி உடைந்தது சின்ன வழக்கு. போலீஸ்காரரை அடித்தது வேறு. தினமும் இட்லி விற்றால்தான் வீடு நடக்கும் ஒருவர் அந்தப் பிரிவில் உள்ளே போனால், எப்போது வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும், கையை ஆட்டியது தான்தானா என்று அவருக்கே தெரியாத ஒரு நேரத்துக்காக.

கைவிலங்கைப் பற்றி நீதிமன்றங்கள் என்னென்ன சொல்லியிருக்கின்றன என்று நான் ஓய்வு நேரங்களில் தேடித்தேடி வாசித்தவள். அந்த அறையில் அதில் ஒரு வரியைக்கூட நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஹவில்தாருக்கு என்னை ஜெயிக்க வேண்டிய கட்டாயம் வந்திருக்கும். வாசித்ததெல்லாம் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் உதவும்.

“குப்புறப் போட்டா என்னால ஏத்த முடியாது ஹவில்தார் சாப். வழியில மூச்சு நின்னா உங்க காவல்ல நின்னதாத்தான் ஆகும். மல்லாக்கவோ ஒருக்களிச்சோ வேணும். விலங்கு இருக்கட்டும், கை முன்னால வரட்டும்.”

அவர் யோசித்தார். ‘உங்க காவல்ல’ என்ற சொல் வேலை செய்தது. விலங்கைத் திறந்து ஒரு வளையத்தைச் சுடலையின் வலது மணிக்கட்டிலும், மற்றதை விகாஸின் இடது மணிக்கட்டிலும் பூட்டினார். சாவியைத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

“சாவி எங்க வண்டியில இருக்கணும் சாப்.”

“விலங்கு மாட்டினவன்கிட்ட சாவி இருக்கக் கூடாது. எங்க வழக்கம் அது. ஒருத்தன் கான்ஸ்டபிள் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துட்டு, சல்யூட் அடிச்சிட்டுப் போயிருக்கான், தெரியுமா?”

“அப்போ நீங்க எங்க வண்டியில வாங்க.”

“நான் ஜீப்ல வரணும்னு சாகேப் சொல்லியிருக்கார்.”

அவருடைய வழக்கத்தில் நியாயம் இருந்தது. அதை உடைக்க முயன்றிருந்தால் இன்னும் அங்கேயே நின்றிருப்போம். எதிராளியின் வழக்கத்தை உடைக்க முடியாதபோது அதன் பக்கத்தில் உங்களுடையதை வையுங்கள். நான் இரண்டு கேட்டேன்: அவருடைய போன் நம்பர்; ஜீப் எங்களுக்குப் பின்னால் வர வேண்டும். பின்னால் வருகிற வண்டி, நாங்கள் நின்றால் நிற்கும். இரண்டுக்கும் சரியென்றார்.

சயான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். சுடலை முனகிக்கொண்டும் திமிறிக்கொண்டும் இருந்தார். அவர் எங்களைப் பார்த்திருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தேன். விகாஸ் பக்கத்து இருக்கையில், கட்டிய கையை நீட்டியபடி.

“சிஸ்டர், இவன் கடிப்பானா?”

“இட்லிதான் விப்பார். கடிக்கறதெல்லாம் நீங்கதான்.”

அவன் முகம் சிவந்தது. “ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன்.”

எவரார்ட் நகர் தாண்டியதும் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. வண்டிகள் ஊர்ந்தன. அப்போது பின்னாலிருந்த ஜீப் சைரனைப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டி முன்னால் போனது. ஆம்புலன்ஸுக்கு வழி எடுத்துக் கொடுப்பதாக ஜீப் ஓட்டுநருக்கு நினைப்பு. காவலாகப் போகிற வண்டி முன்னால் போய்த்தான் அவர்களுக்குப் பழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்தில் செய்கிற தவறைத் தடுப்பதுதான் இந்தத் தொழிலில் ரொம்பக் கஷ்டம். அதைச் செய்பவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

“அக்கா, ஜீப் ஹைவே ஃப்ளைஓவர்ல ஏறிட்டான்,” என்றான் துரை. “நாமளும் ஏறினா ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுரும். நான் கீழதான் போவேன்.”

“கீழயே போ.”

கீழே போனோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பேருந்து பழுதாகி, சாலை மொத்தமும் நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மேலே பாலத்திலும் வண்டிகள் அசையவில்லை. சாவி எங்கள் தலைக்கு மேலே, பாலத்தில் நின்றுகொண்டிருந்தது.

சுடலை திடீரென்று அமைதியானார்.

“அப்பாடா, அடங்கிட்டான்,” என்று விகாஸ் சாய்ந்து உட்கார்ந்தான்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கட்டிப்போட்ட ஆள் கத்தினால் கூட இருக்கிற எல்லாருக்கும் எரிச்சல் வரும், அடங்கினால் எல்லாருக்கும் நிம்மதி வரும். நமக்கு மட்டும் நேர்மாறாக இருக்க வேண்டும். நான் எழுந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் ஒரு பக்கமாகப் போயிருந்தன. அடுத்த கணம் உடம்பு மொத்தமும் விறைத்து, வெட்டத் தொடங்கியது.

விகாஸ் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கட்டியிருந்த கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தான். சுடலையின் கை இழுத்தது, இவனுடையது எதிர்த்து இழுத்தது. இரும்பு இரண்டு மணிக்கட்டிலும் இறுகியது. வலி தாங்காமல் சுடலையின் கையைத் தன் உடம்பால் அழுத்தப் பார்த்தான்.

“பிடிக்காத! அமுக்காத! கீழ இறங்கு, தரையில மண்டி போடு. அவர் கை எங்க போகுதோ அங்க உன் கை போகட்டும். கூடப் போ!”

“கை ஒடையுது சிஸ்டர்!”

“இழுத்தாத்தான் ஒடையும். கூடப் போ!”

இறங்கினான். ஈரத் தரையில் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் கையை அந்தக் கையோடு விட்டுவிட்டான். இரண்டு கைகளும் சேர்ந்து எகிறின, சேர்ந்து விழுந்தன. அவன் மணிக்கட்டிலிருந்து ரத்தம் வழிந்து சுடலையின் சட்டையில் சொட்டியது. ஆனாலும் இழுக்கவில்லை. எங்கிருந்து வந்தவன், யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. அன்று அவன் செய்ததைவிடச் சரியாக எந்தப் பயிற்சி பெற்றவனும் செய்திருக்க முடியாது.

வலிப்பு தானாக நின்றது. உடனே வாந்தி. இருக்கைப் பக்கமாக முழுசாகத் திருப்பினோம். எல்லாம் விகாஸின் மடியில் போயிற்று. வாயைச் சுத்தம் செய்தேன், மூச்சு வந்தது, ஆனால் நினைவு வரவில்லை. எங்கள் கட்டுப்பாட்டு அறை டாக்டருக்குப் போன் போட்டேன். மறுபடி வந்தால் மருந்து கொடுக்கச் சொன்னார். எனக்கு மருந்தைவிடப் பெரிய கவலை விலங்கு. சுடலையின் கை விரல்கள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. மூச்சு நின்றால் நான் கை வைத்து அழுத்த வேண்டிய நெஞ்சின் மேல் விகாஸின் முழங்கை கிடந்தது.

ஹவில்தாருக்குப் போன் செய்தேன். பயந்த குரலில் பேசவில்லை; கெஞ்சவும் இல்லை. “சாப், சாவி வேணும். உங்க பையன் கையில ரத்தம். பாலத்திலிருந்து இறங்கி வாங்க, நாங்க கீழ பஸ்ஸுக்குப் பின்னால நிக்கறோம்.” உங்க பையன் என்று நான் சொன்னது யோசித்துத்தான். கைதிக்கு மூச்சுத் திணறுகிறது என்றால், ‘பார்த்துக்கிட்டே இருங்க, வண்டி நகர்ந்ததும் வரேன்’ என்றிருப்பார்.

அந்தத் தொந்தியோடு, மழையில், பாலத்தின் சரிவில் வண்டிகளுக்கு நடுவே ஓடி இறங்கி, முழங்கால் தண்ணீரில் வந்து சேர்ந்தார். துரை பின்கதவைத் திறந்து கைகொடுத்தான். ஏறியதும் அவர் கண் போனது விகாஸின் கைக்கு.

“அடிச்சிட்டானா? போலீஸ்காரன் கையைக் கிழிச்சிட்டானா?” சாவி அவர் முஷ்டிக்குள் இருந்தது. முஷ்டி இன்னும் இறுகியது. “இவ்வளவு பண்ணினவனையா அவிழ்த்துவிடச் சொல்றீங்க? ஓடினான்னா ரிட்டையர் ஆகற நேரத்தில என் பென்ஷன் போகும்.”

“சாப், வலிப்பு வந்தது…” என்று ஆரம்பித்தான் விகாஸ்.

“நீ பேசாதே!”

எனக்கும் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு நல்ல வாக்கியமும் வாயில் வந்தது. அதை விழுங்கினேன். மருத்துவக் காரணம் எதைச் சொன்னாலும் அவர் காதில் ‘விட்டுவிடு’ என்றுதான் விழும். கைதியை விட முடியாது என்பது அவருடைய எல்லை. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் அவர் சரியென்று சொல்லக்கூடியது எது?

“அவரை அவிழ்க்க வேண்டாம் சாப். உங்க பையன் கையை மட்டும் திறங்க.”

அவர் என்னைப் பார்த்தார்.

“கைதி கையில விலங்கு இருக்கட்டும். நாளைக்கு யார் கேட்டாலும் விலங்கை எடுக்கலன்னு சொல்லலாம். விகாஸ் கையை விடுவியுங்க, நான் கட்டுப்போடணும். நீங்க ரெண்டு பேரும் வண்டிக்குள்ள இருக்கீங்க, கதவு சாத்தியிருக்கு, வெளியே தண்ணி. எங்க ஓடுவார்?”

முஷ்டி திறந்தது. விகாஸின் வளையத்தைத் திறந்தார். அவரே குனிந்து பார்த்துவிட்டு, நான் சொல்லாமலே சுடலையின் வளையத்தையும் கொஞ்சம் தளர்த்தி மறுபடி பூட்டினார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நெஞ்சு எனக்குக் கிடைத்துவிட்டது, கைக்கு ரத்தமும் கிடைத்துவிட்டது.

வெளியே துரையின் குரல் கேட்டது. “ஏ பாயி, பஸ்ஸை ஓரமாத் தள்ளுங்கப்பா! உள்ள பேஷண்ட்! இப்ப மூச்சு வாங்க ஓடி வந்து ஏறின போலீஸ்காரர் இல்ல, வேற பேஷண்ட்!” சிரித்துக்கொண்டே நாலைந்து பேர் தள்ளியிருக்க வேண்டும். வண்டி நகர்ந்தது.

நகர்ந்து கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வலிப்பு வந்தது. இந்த முறை ஹவில்தார் அரை அடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார். மேலே செருகிய கண், நுரை, நனைந்த கால்சட்டை. மணிக்கட்டில் தொங்கிய காலி வளையம் கையோடு எகிறி சுடலையின் முகத்திலேயே அடிக்கப் போனது. ஹவில்தார் சட்டென்று கையை நீட்டி அதைத் தன் உள்ளங்கையில் பிடித்தார். அழுத்தவில்லை. தரையில் மண்டியிட்டிருந்த விகாஸ் மெதுவாக, “இழுக்காதீங்க சாப். கூடப் போங்க,” என்றான். ஹவில்தாரின் கை அந்தக் கையோடு கூடவே போனது. நான் மருந்தைக் கொடுத்தேன். வலிப்பு அடங்கியது. ‘நாடகம்’ என்ற சொல்லை அதன்பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை.

இதோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். நோயாளியை ஒப்படைத்தாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று. அன்று வெளியே தண்ணீர் வடியவில்லை, அதனால் வண்டியை எடுக்க முடியவில்லை. அதனால்தான் மிச்சத்தையும் பார்த்தேன்.

கேஷுவாலிட்டி வராந்தாவில் ஹவில்தாருக்குப் போன் வந்தது. ஜீப் ஓட்டுநர் மேலே சொல்லியிருக்க வேண்டும். மறுமுனைக் குரல் சத்தமாகவே இருந்தது. கான்ஸ்டபிளுக்கு அடிபட்டது உண்மையா, டாக்டரிடம் காட்டிக் காயத்தை எழுதச் சொல்லு, அந்த செக்ஷனைச் சேர்த்துவிடலாம் என்றது. இவர், “ஜி சாகேப், ஜி சாகேப்,” என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

நான் அவர் பக்கத்தில் போனேன். “சாப், முன்னாலேயே சொல்லிடறேன். என்னைக் கேட்டா பார்த்ததை மட்டும் சொல்வேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன். உங்க மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல.”

இதை நான் எப்போதும் செய்வேன். ஒருவருக்குப் பிடிக்காததைச் சொல்லப்போகிறீர்கள் என்றால், சபையில் சொல்வதற்கு முன் தனியாக அவரிடம் சொல்லிவிடுங்கள். திருந்துவதற்கு இடம் கொடுத்தால் பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால் நமக்கு நஷ்டமில்லை.

“உங்களுக்கென்ன சிஸ்டர். உங்களுக்கு மேல சாகேப் கிடையாது,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நெடுநேரம் கழித்துச் சுடலைக்கு நினைவு வந்தது. இசக்கி எப்படியோ ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்து, பாதி தூரம் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்திருந்தாள். சட்டியும் கூடவே வந்திருந்தது. அவர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு கூரையை, பிறகு என்னை. கடை வாசலில் விழுந்ததிலிருந்து அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. லாக்கப் நினைவில்லை, எங்கள் வண்டி நினைவில்லை. கட்டில் ஓரத்தில் நின்ற விகாஸின் மேல் கண் நின்றது. நான் சுற்றிய துணியில் ரத்தம் ஊறியிருந்தது. காக்கிச் சட்டை முழுக்க வாந்திக் கறை.

“ஏ இசக்கி, இந்தத் தம்பிக்குக் கையில என்ன இம்புட்டு ரத்தம்? யாருளா அடிச்சா?”

இசக்கி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன சொல்றான்?” என்று கேட்டார் ஹவில்தார்.

“உங்க பையன் கையில ஏன் ரத்தம், யார் அடிச்சாங்கன்னு கேக்கறார்.”

ஹவில்தார் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். சுடலை பதிலுக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். சின்னப் பெண், அன்று காலையிலிருந்து உட்காரவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. விகாஸின் கையைப் பிரித்துப் பார்த்து, “தையல் போடணும். இது எப்படி ஆச்சு? அக்யூஸ்ட் பண்ணினதா?” என்று கேட்டார். பேனா தயாராக இருந்தது. விகாஸ் ஹவில்தாரைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை; கேள்வி என்னிடம் வரவில்லை, வந்தால் சொல்லத் தயாராக இருந்தேன்.

ஹவில்தாரின் போன் மறுபடி அடித்தது. எடுத்து யார் என்று பார்த்தார். அடிக்கட்டும் என்று பைக்குள் போட்டுவிட்டு டாக்டரிடம் திரும்பினார்.

“அந்த ஆளுக்கு வலிப்பு நோய் மேடம். வலிப்பு வந்தப்போ ரெண்டு பேர் கையும் ஒரே விலங்கில இருந்தது. பூட்டினது நான். சாவியை ஜீப்புக்கு எடுத்துட்டுப் போனதும் நான். அப்படியே எழுதிக்குங்க.”